கான்பராவின் பனி: 8,000 யென்னுக்கு வாங்கியது போலியா?

மழைத்தாள் எழுதியது:

வணக்கம். இந்தப் பக்கம் நான் புதியவன். சென்ற மாதம் வேலையாக டோக்கியோ போயிருந்தேன். பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன ஜிம்போச்சோவில் ஒரு நாள் மாலை சுற்றியபோது ஓர் அச்சுப்படம் கண்ணில் பட்டது. ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் 'கான்பரா: இரவுப் பனி'. சாம்பல் வானம், பனி மூடிய கூரைகள், குனிந்து நடக்கும் மூன்று பேர். அரை மணி நேரம் கடையை விட்டு நகர முடியவில்லை. 8,000 யென் கொடுத்து வாங்கிவிட்டேன். மரத்தில் செதுக்கி, கையால் அச்சிட்டது என்று கடைக்காரர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஒன்றுவிட்ட அண்ணனிடம் காட்டினேன். அவர் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, "இந்தப் படம் உள்ள 'ஐம்பத்து மூன்று தங்குமிடங்கள்' தொடர் வந்தது 1833-34-இல். அதை எவன் உனக்கு 8,000 யென்னுக்குத் தருவான்? போலியை வாங்கி வந்திருக்கிறாய்" என்று சிரித்தார். அன்றிலிருந்து படத்தைச் சுருட்டிய உறையிலிருந்து வெளியே எடுக்கவே மனமில்லை.

தாள் கனமாக, வெள்ளையாக இருக்கிறது. இடது ஓரத்தில் சிறிய ஜப்பானிய எழுத்துகள் உள்ளன. என்ன வாங்கியிருக்கிறேன் என்று யாராவது சொல்லுங்கள்.

தாழம்பூ எழுதியது:

முதல் வேலையாக அதை உறையிலிருந்து எடுத்துத் தட்டையாக வையுங்கள் தம்பி. சுருட்டி வைத்தால் தாளின் நார் மடிப்பைப் பிடித்துக்கொள்ளும்.

உங்களிடம் இருப்பது 1833-இல் அச்சானது அல்ல, அதில் சந்தேகமில்லை. அதனால் அது போலியாகிவிடாது. ஜப்பானியக் கடைக்காரர்கள் இதற்கு மூன்று சொற்கள் வைத்திருக்கிறார்கள். பழைய மூலக் கட்டைகளிலேயே பிற்காலத்தில் அச்சிட்டால் அதோசுரி. பழைய படத்தைப் பார்த்துப் புதிதாகக் கட்டை செதுக்கி, அதே முறையில் கையால் அச்சிட்டால் ஃபுக்கொக்கு. வெறும் நகல் என்றால் ஃபுகுசேய். புகைப்பட அச்சும் பெரும்பாலும் இந்தப் பெயரில்தான் போகும். உங்களுடையது நடுவில் உள்ளதாக இருக்கலாம் என்பது என் ஊகம். மறுபதிப்பு என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றால் அதில் பொய் எங்கே இருக்கிறது? பழையது என்று சொல்லி விற்றால்தான் போலி.

ஊகத்தை உறுதி செய்ய எனக்கு இரண்டு படங்கள் வேண்டும். ஒன்று, அந்த இடது ஓர எழுத்துகள், கிட்டத்தில். இரண்டு, தாளின் பின்பக்கம். பின்பக்கத்தை மறக்காதீர்கள்.

செங்குன்று எழுதியது:

நான் கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன். மறுபதிப்பு என்பது நல்ல தாளில் அடித்த நாட்காட்டிப் படம், அவ்வளவுதான். 2023 மார்ச்சில் ஹொக்குசாய் என்ற ஓவியரின் 'பேரலை'யின் பழைய பிரதி ஒன்று நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 27.6 லட்சம் டாலருக்குப் போனது. அதே படத்தின் மறுபதிப்பை நாளை விற்கப் போனால் வாங்கிய விலையில் பாதி வந்தால் பெரிது. சேகரிப்பு என்றால் அரியதைச் சேர்ப்பது. எத்தனை வேண்டுமானாலும் அடித்துத் தரக்கூடிய ஒன்றை வாங்கி அடுக்குவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

தாழம்பூ எழுதியது:

செங்குன்று ஐயா, விற்பதற்காக வாங்குகிறவர்களுக்கு நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. அதற்கு மேல் ஒரு சங்கதி இருக்கிறது.

'பேரலை' என்ற படத்துக்கு ஒரே ஒரு மூலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாராலும் காட்ட முடியாது. ஹொக்குசாய் மெல்லிய தாளில் வரைந்து கொடுத்த கோட்டோவியத்தைச் செதுக்குபவர் கட்டையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுத்துவிடுவார். ஓவியம் அங்கேயே அழிந்துவிடும். அதன் பிறகு வருவதெல்லாம் பிரதிகள்தான். எதோவில் (இன்றைய டோக்கியோ) ஒன்றிரண்டு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்கு விற்றார்கள். நிஷிமுராயா யோஹாச்சி என்ற பதிப்பாளர் 'ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' நன்றாக விற்கிறது என்று கண்டு இன்னும் பத்தைச் சேர்த்தார். அதனால்தான் முப்பத்தாறு என்று பெயர் வைத்த தொடரில் 46 படங்கள் இருக்கின்றன. கட்டை தேயும் வரை அடித்தார்கள். கடைசியில் வந்த பிரதிகளில் கோடு உடைந்து, வானத்தின் நிறச்சாயலைக்கூடச் சிக்கனம் பார்த்து விட்டுவிட்டார்கள்.

தேய்ந்துபோன பழைய பிரதி ஒன்றையும் நல்ல கைகள் செய்த மறுபதிப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹொக்குசாய் மனத்தில் கண்டதற்கு எது அருகில் இருக்கிறது என்ற கேள்விக்கு எனக்கு எப்போதும் ஒரே விடை கிடைப்பதில்லை.

தச்சன்மகன் எழுதியது:

என் அப்பா துணிக்கு அச்சுக்கட்டை செதுக்கியவர், அதனால் இந்த இழையைப் பார்த்ததும் கை பரபரத்தது. "அடித்துத் தரக்கூடிய ஒன்று" என்ற வரியை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

கட்டை மலைச்செர்ரி மரம். நெருக்கமான நார், கடினம், எளிதில் திரிபடையாது. முதலில் கறுப்புக் கோட்டுக்கு ஒரு கட்டை, அதை மூலமாக வைத்துத்தான் மற்ற நிறக் கட்டைகள். ஒவ்வொரு கட்டையின் மூலையிலும் ஓரத்திலும் கெந்தோ என்ற இரண்டு வெட்டுகள் இருக்கும். தாளின் ஒரு மூலையையும் ஒரு விளிம்பையும் அதில் பொருத்தி வைத்தால்தான் எட்டாவது நிறம் முதல் நிறத்தின் மேல் மயிரிழை பிசகாமல் விழும். தாள் ஈரமாக இருக்கும். ஈரத்தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். காலையில் அடித்ததற்கும் மாலையில் அடித்ததற்கும் கெந்தோ ஒத்துவர வேண்டும் என்றால் அந்த அறையின் ஈரப்பதத்தையே அச்சிடுபவர் கையில் வைத்திருக்க வேண்டும்.

நிறத்தை உருளையால் தடவுவதில்லை. தூரிகையால் கட்டையின் மேல் வண்ணமும் சிறிது அரிசிப் பசையும் சேர்த்துத் தேய்க்கிறார்கள். தாளை வைத்துப் பின்பக்கத்தில் மூங்கில் மடல் சுற்றிய பாரென் என்ற வட்டத் திண்டால் அழுத்தித் தேய்க்கிறார்கள். வானம் அடர்நீலத்தில் தொடங்கி ஒன்றுமில்லாமல் கரையும் இடம் இருக்கிறதே, அதற்குப் பொக்காஷி என்று பெயர். அதைக் கட்டையில் செதுக்க முடியாது. ஈரத்துணியால் கட்டையை நனைத்து, தூரிகையின் ஒரு முனையில் மட்டும் வண்ணம் எடுத்து, ஒவ்வொரு தாளுக்கும் புதிதாகக் கையால் இழைக்க வேண்டும். நூறு தாள் என்றால் நூறு முறை.

கான்பராவில் இருப்பது பெரும்பாலும் இந்தப் பொக்காஷிதான். அந்தப் படத்தில் நிறமே கிடையாது என்று சொல்லலாம். இருட்டும் வெள்ளையும் எங்கே சந்திக்கின்றன என்பதுதான் முழுப் படமும். இன்னொரு வேடிக்கை: பழைய பிரதிகளில் இரண்டு வகை கிடைக்கின்றன. ஒன்றில் வானத்தின் உச்சியிலிருந்து இருட்டு கீழே இறங்குகிறது. மற்றதில் கூரைகளுக்குப் பின்னாலிருந்து, தொடுவானத்திலிருந்து, இருட்டு மேலே ஏறுகிறது. மறுபதிப்பு செய்கிறவர்கள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மழைத்தாள், உங்களுடையதில் எங்கே இருட்டு?

மழைத்தாள் எழுதியது:

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். கூரைகளுக்குப் பின்னால்தான் அடர்த்தி, மேலே போகப் போக வெளுக்கிறது. இதுவரை இதைக் கவனிக்கவே இல்லை!

கேமராவில் ஓர எழுத்துகள் மங்கலாக வருகின்றன. நாளை வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன்.

தாழம்பூ எழுதியது:

பின்பக்கமும்.

கடற்காகம் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் பழைய எதோ காலத்துப் படங்களைவிட இருபதாம் நூற்றாண்டு ஓவியர் ஹாசுய் கவாசேயைத்தான் தேடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இணைய விற்பனையாளரிடம் அவருடைய 'ஷிபா சோஜோஜி' வாங்கினேன். சிவப்புக் கோவில், பனி, குடைபிடித்த பெண். 1925-ஆம் ஆண்டுப் படம். "மூல மரச்செதுக்கு" என்று எழுதியிருந்தார்கள். வந்ததைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் முழுக்க முழுக்கப் புள்ளிகள். புத்தகத் தாளில் வரும் அதே ஆஃப்செட் புள்ளிகள். பணம் திரும்பவில்லை. மூன்று மாதம் எழுதி ஓய்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். ஹாசுய் விஷயத்தில் எது மூலம், எது மறுபதிப்பு என்று எப்படிப் பிரிப்பது?

தாழம்பூ எழுதியது:

உங்கள் நஷ்டத்துக்கு வருந்துகிறேன், கடற்காகம். அந்தக் கண்ணாடி ஒன்று போதும். இந்தத் துறையில் பாதி ஏமாற்று அங்கேயே பிடிபட்டுவிடும். மரத்தில் அச்சிட்ட நிறம் பூதக்கண்ணாடியில் தொடர்ச்சியாக, நாருக்குள் ஊறித் தெரியும். சில இடங்களில் மரத்தின் வரிகூடத் தெரியும். புள்ளிகள் வரிசையாக இருந்தால் ஆஃப்செட். சீரற்ற நுண்தூறல் போல இருந்தால் கணினி அச்சு.

ஹாசுய் கதை வேறு மாதிரி. அவரை வெளியிட்ட வாதானபே ஷோசாபுரோவின் கடை 1923 செப்டம்பர் 1 கான்தோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் எரிந்தது. கட்டைகளும் போயின, கையிருப்பில் இருந்த அச்சுகளும் போயின. ஹாசுய் தன் வரைபடக் குறிப்பேடுகளையும் இழந்தார். அதற்கு முந்தைய படங்கள் அரிதாக இருப்பதற்கு அதுதான் காரணம். பிந்தைய படங்களின் கட்டைகள் நிறையப் பிழைத்தன, வாதானபே நிறுவனம் இன்றும் இருக்கிறது. ஆக ஹாசுய் 1957-இல் இறந்த பிறகும் அதே கட்டைகளில் அச்சிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவை நான் முன்பு சொன்ன அதோசுரி வகை. வேறு ஆள் செதுக்கியது என்று சொல்ல முடியாது; ஹாசுய் அருகில் நின்று நிறம் பார்த்தது என்றும் சொல்ல முடியாது.

பிரித்தறிய ஓரத்தில் உள்ள வாதானபே முத்திரையைப் பாருங்கள். ஆறு மில்லிமீட்டர் அளவுள்ள சிறிய வட்ட முத்திரை என்றால் சேகரிப்பாளர்கள் பொதுவாக 1946 முதல் 1957 வரை என்று கணக்கிடுகிறார்கள். போருக்கு முந்தைய பிரதிகளில் செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர்களுடன் நீள்சதுர முத்திரைகள் வரும். ஆனால் முத்திரையை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஜான் ரெசிக் என்ற நிரலாளர் உருவாக்கிய யுகியோ-எ (ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப்படங்கள்) தேடல் தளத்தில் உங்கள் படத்தின் புகைப்படத்தை ஏற்றினால் பல அருங்காட்சியகங்களிலும் கடைகளிலும் இருக்கும் அதே படத்தின் பிரதிகள் வரிசையாக வரும். எந்தக் கோடு எங்கே உடைந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இலவசம். நான் பல இரவுகளை அங்கே தொலைத்திருக்கிறேன்.

செங்குன்று எழுதியது:

சரி, தச்சன்மகன் சொன்ன பொக்காஷிக் கணக்கை மறுக்க முடியவில்லை. ஆனால் என் கேள்வி நிற்கிறது. மறுபதிப்பாளர்கள் நிறத்தை ஏன் இவ்வளவு உரக்க அடிக்கிறார்கள்? பாஸ்டனில் ஹொக்குசாயின் பழைய 'செம்மலை ஃபூஜி' ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அடக்கமான, கிட்டத்தட்ட வெங்காயத்தோல் சிவப்பு. மறுபதிப்புகளில் அது செங்கல்லாக இருக்கிறது.

தச்சன்மகன் எழுதியது:

இது நல்ல கேள்வி ஐயா, இதில் உங்கள் பக்கம்தான் நான்.

இரண்டு காரணங்கள் உண்டு. பழைய பிரதிகளில் சில நிறங்கள் வெளிறிவிட்டன. குசும்பப்பூச் சிவப்பும் ஒருவகை நீலப்பூச் சாறும் வெளிச்சம் பட்டால் நிற்காது. நாம் பார்ப்பது 190 ஆண்டு வெயிலும் விளக்கும் தின்ற மிச்சம். மறுபதிப்பாளர் அன்று எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து அடிக்கிறார். அதில் நியாயம் உண்டு. மறுகாரணத்தில் நியாயம் இல்லை: எல்லோரும் ஒரு குறிப்பிட்ட பிற்காலப் பிரதியின் நிறத்துக்குப் பழகிவிட்டார்கள். 'செம்மலை'யின் மிகப் பழைய பிரதிகள் இன்னும் வெளிறியவை, இளஞ்சிவப்பு ஃபூஜி என்றே சொல்வார்கள். அப்படி ஒரு மறுபதிப்பு அடித்துக் கடையில் வைத்தால் வாங்குகிறவர் மங்கிப்போனது என்று திருப்பித் தந்துவிடுவார்.

நீலம் மட்டும் தப்பித்தது. பெர்லினில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தற்செயலாகக் கண்டுபிடித்த செயற்கை நீலம், கப்பல் வழியாக வந்து 1820-களின் இறுதியில் எதோவில் மலிந்தது. ஊர்ப்பெயரை வைத்தே பெரோ என்று அழைத்தார்கள். ஹொக்குசாயின் 'கை மாநிலத்துக் கஜிகாசாவா' முதலில் முழுக்க நீலத்திலேயே வந்தது, பிறகுதான் மற்ற நிறங்கள் சேர்ந்தன. முழுநீல மறுபதிப்பு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். செங்குன்று ஐயாவும் வாங்குவார்.

செங்குன்று எழுதியது:

பார்க்கலாம்.

பூவரசு எழுதியது:

எந்த மறுபதிப்பு நிறுவனங்களை நம்பலாம் என்று ஒருவரும் சொல்லவில்லையே. டோக்கியோவின் மெஜிரோவில் இருக்கும் அடாச்சி நிறுவனத்தை நான் இரண்டு முறை நேரில் பார்த்திருக்கிறேன். 1928-இல் தொடங்கியது. செதுக்குபவர்களும் அச்சிடுபவர்களும் சம்பளத்தில் அங்கேயே பயில்கிறார்கள், மாடியில் அச்சிட்டுக் காட்டுவார்கள். அவர்கள் தாள் எச்சிசென் ஊரில் ஒன்பதாம் தலைமுறை இவானோ இச்சிபே கையால் வடித்தது. 2000-இல் ஜப்பான் அரசு அவரை வாழும் தேசியச் செல்வம் என்று அறிவித்தது. அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்த பிறகு மற்றதெல்லாம் அட்டைபோலத்தான் இருக்கிறது.

கியோத்தோவில் உன்சோதோ. பழைய பதிப்பகம், கிடங்கில் ஏராளமான கட்டைகள் வைத்திருக்கிறார்கள். பழைய கடைகளில் கிடைக்கும் போருக்கு முந்தைய தகாமிசாவா மறுபதிப்புகளையும் விடாதீர்கள். அசாகுசாவில் டேவிட் புல் என்ற பிரிட்டனில் பிறந்த கனடாக்காரர் கடை வைத்திருக்கிறார். 1989-இல் தொடங்கி பத்து ஆண்டுகள் உட்கார்ந்து நூறு கவிஞர்கள் தொடரைத் தன் கையாலேயே செதுக்கி அச்சிட்டவர். நிலக்காட்சி அல்ல, ஆனாலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

எனக்கு ஒரு கேள்வி: ஓவியர் யோஷிதா ஹிரோஷி 1930-31-இல் இந்தியா முழுக்கச் சுற்றினார். தாஜ்மகால், உதய்ப்பூர், எல்லோரா எல்லாம் அச்சாகியிருக்கின்றன. மதுரைக் கோவிலையும் அச்சிட்டிருக்கிறார். ஒரு பிரதிக்காகப் பல ஆண்டுகளாகத் தேடுகிறேன். யாரிடமாவது இருக்கிறதா?

தாழம்பூ எழுதியது:

என்னிடம் இல்லை, பூவரசு. இருந்தால் இந்த இழையில் சத்தம் போடாமல் இருந்திருப்பேன்.

வாங்கும்போது இடது ஓரத்தில் ஜிசுரி என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். "தானே அச்சிட்டது" என்று பொருள். யோஷிதாவின் மேற்பார்வையில் அச்சானதற்கு அதுதான் அடையாளம். அவர் 1950-இல் இறந்த பிறகு குடும்பத்தார் அச்சிட்டவற்றில் அந்த முத்திரை இருக்காது, கீழே பென்சில் கையெழுத்துக்குப் பதில் அச்சிட்ட கையெழுத்து இருக்கும். விலை வெகுவாகக் குறையும், கட்டை அதேதான். யோஷிதா ஒரே கட்டைத் தொகுதியை வைத்து 'பாய்மரப் படகுகள்' படத்தைக் காலை, பிற்பகல், மாலை, இரவு, மூடுபனி என்று நிறம் மாற்றி அடித்தவர். நிக்கோவின் யோமெய் வாயில் படத்துக்கு 96 முறை தாளைக் கட்டையில் வைத்து எடுத்தார்கள். அந்த மனிதரைப் பொறுத்தவரை அச்சிடுவதுதான் ஓவியம். ஆகவே யார் நின்று பார்த்தார்கள் என்பது அவர் விஷயத்தில் மட்டும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹிரோஷிகே விஷயத்தில் அப்படி இல்லை.

மழைத்தாள் எழுதியது:

ஓர எழுத்துகளின் படம் இணைத்துள்ளேன். சட்டகம் போட ஒரு கடைக்குக் கொண்டு போனேன். அவர் பின்னால் பசைநாடா ஒட்டி அட்டையில் அப்பிவிடலாம் என்றார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன், பிறகு உங்களிடம் கேட்டுவிடலாம் என்று திரும்பிவிட்டேன்.

கடற்காகம் எழுதியது:

நல்லவேளை! எனக்கு அந்த அனுபவம் உண்டு. பசைநாடா மஞ்சளாகி தாளுக்குள் இறங்கி, முன்பக்கத்தில் எட்டிப் பார்க்கிறது. கோதுமை மாவுப் பசையில் மெல்லிய ஜப்பானியத் தாள் துண்டு இரண்டை மேல் விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிட வேண்டும். அமிலமற்ற அட்டை, படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே இடைவெளி, நேர்வெயில் படாத சுவர். நான் மூன்று மாதத்துக்கு ஒரு படம் என்று மாற்றிக்கொண்டே இருக்கிறேன், மற்றவை இருட்டில் தூங்கும். மழைக்காலத்தில் வெள்ளிப்பூச்சி பார்த்துக்கொள்ளுங்கள், அரிசிப் பசை அதற்குப் பிரியம்.

பூவரசு எழுதியது:

ஓர எழுத்துகளை வாசித்தேன். தொடரின் பெயர், ஊர்ப்பெயர், அதன் கீழே செதுக்கியவர் ஒருவர், அச்சிட்டவர் ஒருவர். இரண்டு பெயர்களையும் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் மழைத்தாள், இதைக் கவனியுங்கள். 1833-இல் அச்சான பிரதியில் ஹிரோஷிகேயின் பெயர் இருக்கும், பதிப்பாளர் முத்திரை இருக்கும். செதுக்கியவரும் அச்சிட்டவரும் யாரென்று இருக்காது. உங்கள் பிரதியில் இருக்கிறது.

ஓரத்தைச் சிலர் வெட்டிவிட்டுப் பழையது என்று விற்பார்கள். பழைய பிரதிகளிலும் ஓரம் வெட்டியவை ஏராளம், அதனால் வெட்டப்பட்டிருந்தாலே குற்றம் என்று சொல்ல முடியாது. உங்கள் கடைக்காரர் வெட்டாமல் கொடுத்திருக்கிறார்.

செங்குன்று எழுதியது:

என் பங்குக்கு ஒன்று. அதே தொடரில் 'ஷோனோ: திடீர் மழை'யின் நல்ல மறுபதிப்பு கிடைத்தால் குடையைப் பாருங்கள். பழைய முதல் பிரதிகளில் குடையின் மேல் பதிப்பாளர் தகேனோஉச்சியின் பெயரும் ஐம்பத்து மூன்று தங்குமிடங்கள் என்ற சொல்லும் எழுதியிருக்கும். விளம்பரம்தான்! பிற்காலப் பிரதிகளில் செதுக்கி எடுத்துவிட்டார்கள். எந்தப் பிரதியைப் பார்த்து மறுபதிப்பு செய்தார்கள் என்பது அந்தக் குடையிலேயே தெரிந்துவிடும்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஒன்று வைத்திருக்கிறேன். என் மனைவி வாங்கியது.

தச்சன்மகன் எழுதியது:

ஐயா!

மழைத்தாள் எழுதியது:

பின்பக்கத்தின் படம் இதோ, தாழம்பூ அக்கா. தாமதத்துக்கு மன்னியுங்கள். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து எடுத்தேன்.

தாழம்பூ எழுதியது:

வந்துவிட்டது. வானத்துக்குப் பின்னால் பாருங்கள், சாம்பல் நிறம் தாளைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கிறது. அதன் மேல் வட்ட வட்டமாக, நத்தை ஊர்ந்தது போலச் சுவடுகள். பாரென் சுழன்ற தடம். வலக்கை ஆள். கூரைகள் இருக்கும் இடத்தில் சுவடு மெலிந்திருக்கிறது, பனியைத் தொடாமல் கையைத் தூக்கியிருக்கிறார்.

அண்ணனிடம் முன்பக்கத்தைக் காட்ட வேண்டாம். இதைக் காட்டுங்கள்.